விக்ரமாதித்தன் கதையை பசங்களுக்கு சொல்றது எப்படி, தூங்க விடாம

போன மே லீவுக்கு அக்கா பசங்க ரெண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தாங்க. பெரியவனுக்கு ஒம்பது வயசு, சின்னவளுக்கு ஆறு. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயிருச்சு, கொஞ்ச நேரத்துல இன்வர்ட்டரும் மூச்ச விட்டுருச்சு, போன்ல ரெண்டு பர்சன்ட் சார்ஜ். "மாமா ஒரு கதை சொல்லு"ன்னு மொட்டை மாடியில ஆளுக்கொரு பக்கமா வந்து ஒட்டிக்கிட்டாங்க. நானும் பெரிய இவனாட்டம் தொண்டைய செருமிக்கிட்டு, உஜ்ஜயினின்னு ஒரு பட்டணம், அத விக்ரமாதித்தன்னு ஒரு மகாராஜா ஆண்டு வந்தாரு, அவரு ரொம்ப நல்லவரு, வல்லவரு, நீதி தவறாதவருன்னு ஆரம்பிச்சேன். ரெண்டாவது நிமிஷம் சின்னவகிட்ட இருந்து குறட்டை. பெரியவன் மட்டும் மரியாதைக்கு "ம்" கொட்டிட்டு இருந்தான், அப்புறம் அந்த "ம்"மும் நின்னு போச்சு. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஊர் ஊரா சொல்லிட்டு வந்த கதைய ரெண்டே நிமிஷத்துல கொன்னுட்டேனேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா அந்த லீவு முடியறதுக்குள்ள, கரண்ட் இருந்தாலும் டிவிய ஆஃப் பண்ணிட்டு "வேதாளம் டைம்"னு அவங்களே மாடிக்கு இழுத்துட்டு போற அளவுக்கு கொண்டு வந்துட்டேன். எப்படின்னு எழுதறேன், வீட்ல வாண்டு வெச்சிருக்கவங்களுக்கு உதவும்.

நான் பண்ண முதல் தப்பு, ராஜாவ முதல்ல கொண்டு வந்தது. நல்லவர் வல்லவர்னு சொன்னா எந்தப் பிள்ளை கேக்கும்? பழத்துல இருந்து ஆரம்பிங்க. ஒரு சாமியார் தினமும் சபைக்கு வர்றாரு, ராஜா கையில ஒரே ஒரு பழம் குடுக்கறாரு, ஒரு வார்த்தை பேசாம போயிடறாரு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பத்து வருஷம். ராஜா வாங்கி கஜானாக்காரர்கிட்ட நீட்டிடுவாரு, அந்த ஆளு கதவ திறக்கக்கூட சோம்பேறித்தனப்பட்டு ஜன்னல் வழியா உள்ள வீசிடுவாரு. ஒரு நாள் ஒரு குரங்கு கட்ட அவுத்துக்கிட்டு சபைக்குள்ள வந்துருச்சு, ராஜா சிரிச்சுக்கிட்டே அன்னிக்கு வந்த பழத்த அதுகிட்ட குடுத்தாரு, அது கடிச்சுது, உள்ள இருந்து டங்குன்னு ஒரு ரத்தினம் விழுந்துச்சு. ஓடிப்போய் கஜானாவ திறந்து பாத்தா பழமெல்லாம் அழுகி மக்கிப் போயி நடுவுல ரத்தினக் குவியல். இங்க நிறுத்திட்டு ஒரு கேள்வி கேளுங்க: ஒருத்தன் பத்து வருஷம் ஓசியில ரத்தினம் குடுப்பானா? எங்க பெரியவன் எழுந்து உக்காந்துட்டான். "குடுக்க மாட்டான் மாமா, அவனுக்கு ஏதோ வேணும்." அவ்வளவுதான், மீன் தூண்டில்ல மாட்டிக்கிச்சு.

சாமியாருக்கு வேண்டியது ஒரு பொணம். சுடுகாட்டுல ஒரு மரத்துல தொங்குது, தேய்பிறை ராத்திரியில தனியா போய் எடுத்துட்டு வரணும். ராஜா ஏன் போகணும்னு கேட்டா, பத்து வருஷம் பழம் வாங்கியாச்சு, வாக்கும் குடுத்தாச்சு, போய்த்தான் ஆகணும். பொணத்துக்குள்ள ஒரு வேதாளம். இப்போ ரெண்டு ரூல் சொல்லுங்க, இத மட்டும் நிதானமா, கிரிக்கெட் ரூல் சொல்ற மாதிரி சொல்லணும். ஒண்ணு, வழியில ராஜா வாய திறந்தா வேதாளம் திரும்ப மரத்துக்கு பறந்துரும். ரெண்டு, வேதாளம் கதை சொல்லி கடைசியில ஒரு கேள்வி கேக்கும், விடை தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தா ராஜா தலை சுக்குநூறா வெடிச்சிடும். பெரியவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்போ பேசுனாலும் அவுட், பேசலன்னாலும் அவுட்டா?" ஆமாடா. "தெரியலன்னா?" தெரியலன்னா மட்டும் தப்பிக்கலாம்னு சொல்லி வெச்சேன். இந்த ஒரு வரிய முதல் நாளே போட்டு வெச்சிருங்க, கடைசி நாளைக்கு இதான் சாவி.

பொணத்தோட வெயிட்ட வாயால சொல்லாதீங்க, காட்டுங்க. நான் ரெண்டு தலகாணிய போர்வையில சுத்தி பெரியவன் தோள்ல போட்டு, கதை முடியற வரைக்கும் மாடியில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடன்னு சொன்னேன். பத்து நிமிஷத்துல தோள் வலிக்குதுன்னான், ராஜாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு தனியா ஒரு லெக்சர் தேவைப்படல. அப்புறம் வேதாளம் குரல். எல்லாரும் பேய் குரல்ல உறுமுவாங்க, சின்னப் பிள்ளைங்க ராத்திரி பாத்ரூம் போகறதுக்கு நம்மள எழுப்பும், தேவையா? வேதாளம் அப்படிப்பட்ட ஆளே இல்ல. ரயில்ல பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு "தம்பி, வழி தூரம், போரடிக்கும், ஒரு கதை சொல்றேன் கேளுங்க"ன்னு பேச்சுக் குடுப்பாங்கல்ல, அந்த டோன்தான் அதுக்கு சரி. ராஜா மேல அதுக்கு உள்ளுக்குள்ள ஒரு பாசம் இருக்கு, கடைசியில தெரியும்.

மரம் பத்தி ஒரு சின்ன விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. நம்ம ஊர்ல வேதாளம்னாலே முருங்கை மரம், பழைய குணத்துக்கே திரும்பிட்ட ஆள பாத்து "வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிருச்சு"ன்னு சொல்றோம். ஆனா 11ஆம் நூற்றாண்டுல காஷ்மீர்ல சோமதேவர் சமஸ்கிருதத்துல எழுதுன கதாசரித்சாகரத்துல இந்த 25 கதையும் இருக்கு, அதுல அது சிம்சுபா மரம், நூக்க மரம் இனம். ராஜா பேருகூட திரிவிக்கிரமசேனன், ஊரு கோதாவரிக் கரையில இருக்கற பிரதிஷ்டானம், இன்னிக்கு மகாராஷ்டிராவுல பைதான்னு சொல்றாங்களே அது. உஜ்ஜயினியும் இல்ல, விக்ரமாதித்தன்னும் இல்ல! கதை கை மாறி கை மாறி வர்றப்போ பேரு பெருசா இருந்த விக்ரமாதித்தன் மடியில போய் உக்காந்துக்கிச்சு, நம்ம பக்கம் வர்றப்போ மரமும் கொல்லையில நிக்கற முருங்கையா ஆயிருச்சு. முருங்கைக் கிளையில காக்கா உக்காந்தாலே ஒடியும், பொணம் எப்படி தொங்குச்சுன்னு சின்னவ கேட்டா. வேதாளத்துக்கு வெயிட்டே கிடையாதுடி, ராஜா தோளுக்கு வந்ததும்தான் கனக்கும்னு சமாளிச்சேன்.

25ல எத எடுக்கறதுன்னு பாத்து எடுங்க. பாதிக்கு மேல பெரியவங்க சமாச்சாரம், கள்ளக் காதல், தலைய வெட்டி காளிக்கு குடுக்கறதுன்னு போகும். நான் முதல்ல எடுத்தது மூணு நாசூக்கு பிடிச்ச அண்ணந்தம்பி கதை. அப்பா யாகத்துக்கு ஒரு ஆமை வேணும், கடற்கரைக்கு போய் பிடிச்சுட்டு வாங்கன்னு மூணு பேரையும் அனுப்புறாரு. ஆமை கிடைச்சிருச்சு, ஆனா வழவழன்னு நாத்தமா இருக்கு, யாரு தூக்கறது? நான் சாப்பாட்டு விஷயத்துல ரொம்ப நாசூக்கு, தொட மாட்டேன்னு மூத்தவன். நான் மனுஷங்க விஷயத்துல நாசூக்கு, வாசனை ஒத்துக்காதுன்னு நடுவுலவன். மூணாமவன் நான் படுக்கற விஷயத்துல நாசூக்கு, அதனால உங்க ரெண்டு பேர விட எனக்குத்தான் ஸ்பெஷல் மரியாதை, நீங்களே தூக்குங்கன்றான். சண்டை முத்தி, ஆமைய அங்கயே விட்டுட்டு ராஜாகிட்ட பஞ்சாயத்துக்கு போயிட்டாங்க. இந்த இடத்துல எங்க வீட்டு ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்து சிரிச்சுதுங்க, சாயங்காலம்தான் சாப்பிட்ட தட்ட யாரு கழுவறதுன்னு ஒரு யுத்தம் நடந்திருந்துச்சு.

ராஜா டெஸ்ட் வெக்கறாரு. மூத்தவனுக்கு அரண்மனைச் சாப்பாடு, நெய் மணக்குது, இவன் மூக்க மூடிக்கிட்டு உக்காந்திருக்கான். என்னப்பான்னா, சோத்துல பொணம் எரியற புகை வாசனை வருதுங்கறான். சபையில இருந்தவங்க எல்லாம் மோந்து பாத்தாங்க, பச்சரிசி வாசனைதான் வருது. ராஜா விடாம விசாரிச்சா, அந்த நெல்லு ஒரு கிராமத்து சுடுகாட்ட ஒட்டுன வயல்ல வெளைஞ்சது. நடுவுலவன் பக்கத்துல வந்து நின்ன பொண்ணு மேல ஆட்டு வாசனைன்னு ஓடுறான், அவ எவ்வளவோ வாசனை பூசித்தான் வந்திருக்கா. விசாரிச்சா கைக்குழந்தையில அவள ஆட்டுப்பால் குடுத்து வளத்திருக்காங்க. (மூலத்துல இது கொஞ்சம் பெரியவங்க கதை, நான் பசங்களுக்காக இப்படி சுருக்கிட்டேன்.) மூணாமவனுக்கு ஏழு மெத்தை, ஒண்ணு மேல ஒண்ணு, மேல வெள்ளை விரிப்பு. படுத்து கொஞ்ச நேரம்கூட ஆகல, இடுப்ப பிடிச்சுக்கிட்டு அய்யோன்னு அலறிக்கிட்டு எழுந்திரிக்கிறான். விளக்கு கொண்டு வந்து பாத்தா விலாப்பக்கம் செவப்பா வளைஞ்சு ஒரு கோடு. மெத்தைய ஒண்ணொண்ணா தூக்குனாங்க, ஏழாவது மெத்தைக்கு அடியில ஒரே ஒரு மயிரு கிடக்குது.

இங்கதான் முக்கியமான வேலை. வேதாளம் கேக்குது, மூணு பேருல பெரிய நாசூக்கு யாரு? கேட்டுட்டு வாய மூடிக்கோங்க. ராஜா சொன்ன பதில உடனே சொல்லிட்டீங்கன்னா கதை செத்துப் போச்சு. நான் மனசுக்குள்ள நூறு வரைக்கும் எண்ணுவேன், அதுங்களே பேச ஆரம்பிக்கற வரைக்கும். பெரியவன் மூத்தவன் கட்சி, ஏன்னா நெல்லு வெளைஞ்ச எடம் வரைக்கும் மோப்பம் பிடிச்சிட்டான், போலீஸ் நாய்கூட பண்ணாது. சின்னவ மூணாமவன் கட்சி. ஏன்டின்னா "அவனுக்குத்தான வலிச்சுது"ன்னா. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு, ஏன்னா ராஜா சொல்ற பதிலும் கிட்டத்தட்ட அதேதான்: முதல் ரெண்டு பேரும் முன்னாடியே யார்கிட்டயாச்சும் விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கலாம், மூணாமவனுக்கு அவன் தோலே சாட்சி, அத பொய்யா வரவழைக்க முடியாது. சொன்ன அடுத்த செகண்டு தோள்ல இருந்த தலகாணி மூட்டைய பிடுங்கிட்டு தண்ணி டேங்க் பக்கம் ஓடிட்டேன், வேதாளம் போச்சு. ரெண்டும் துரத்திட்டு வந்துச்சுங்க. தினமும் முடிவு இப்படி ஓட்டத்துலதான் இருக்கணும், தத்துவத்துல இருக்கக்கூடாது.

தலை மாறுன கதைய பெரியவன் வயசுக்கு சொல்லலாம், சின்னவ தூங்குனதுக்கு அப்புறம் சொன்னேன். கோயில்ல வெட்டுப்பட்டு கிடக்கற ரெண்டு ஆம்பளைங்களுக்கு, ஒரு பொண்ணோட புருஷனுக்கும் அண்ணனுக்கும், அம்மன் உயிர் குடுக்கறா, ஆனா அந்தப் பொண்ணு அவசரத்துல புருஷன் தலைய அண்ணன் உடம்புலயும் அண்ணன் தலைய புருஷன் உடம்புலயும் ஒட்ட வெச்சிடறா. இப்போ யாரு புருஷன்? உடம்புல தலைதான் பிரதானம், புருஷன் தலை இருக்கறவன்தான் புருஷன்னு ராஜா தீர்ப்பு. "சரிதான் மாமா, சிம் எந்த போன்ல இருக்கோ அங்கதான கால் போகும்"னான். எனக்கு இத விட நல்லா விளக்கத் தெரியல.

நாலஞ்சு வேதாளக் கதை ஆனதும் ரூட்ட மாத்துங்க, இல்லன்னா அலுத்துடும். நம்ம பேச்சுல இருக்கற விஷயத்த எடுத்து அதுக்குள்ள ராஜாவ காட்டலாம். டூட்டி டூட்டின்னு அலையற ஆளப் பாத்து "அவனுக்கென்ன, காடாறு மாசம் நாடாறு மாசம்"னு சொல்றோம்ல, அது இவரு கதைதான். எங்க ஆச்சி சொன்ன மாதிரி சொல்றேன். சிம்மாசனத்துல உக்காந்து ஆயிரம் வருஷம் ஆளலாம்னு விக்ரமாதித்தனுக்கு வரம். தம்பியும் மந்திரியுமான பட்டி காளிகிட்ட போய் எனக்கு ரெண்டாயிரம் வருஷம் ஆயுசு வேணும்னான். காளி உங்க அண்ணன் தலைய கொண்டா தர்றேன்னுட்டா. வந்து கேட்டா அண்ணன் மறுபேச்சு இல்லாம எடுத்துக்கோன்னாரு. தலைய கொண்டு போய் வெச்சுட்டு பட்டி சிரிச்சானாம். ஏன்டா சிரிக்கறன்னா, ஆயிரம் வருஷம்னு வரம் வாங்குனவரு கதியே இது, நீ குடுக்கற ரெண்டாயிரத்த நான் எப்படி நம்பறதுன்னான். காளிக்கு வெக்கமா போயி அண்ணனுக்கு உயிர் குடுத்துட்டா. சரி, தம்பி ரெண்டாயிரம், அண்ணன் ஆயிரம், கணக்கு இடிக்குதே? ஆறு மாசம் சிம்மாசனத்துல உக்காரு, ஆறு மாசம் காட்டுல சுத்து, ஆயிரம் ரெண்டாயிரமா இழுத்துரும்னு பட்டி ஐடியா குடுத்தான். ஷிப்டு முறைய கண்டுபிடிச்சதே பட்டிதான்னு எங்க வீட்ல முடிவாயிருச்சு.

அடுத்து சிம்மாசனம். இதுக்கு ஒரு ஸ்டூல் வேணும். 11ஆம் நூற்றாண்டுல மாளவத்துல தாரா நகரத்த ஆண்ட போஜராஜன், இவரு நிஜமான ராஜா, கல்வெட்டு நூல் எல்லாம் இருக்கு, இவரு வழியா போறப்போ ஒரு சோளக்கொல்லை. பரண் மேல காவலுக்கு நின்ன ஆளு "வாங்க வாங்க, எல்லாரும் பறிச்சு சாப்பிடுங்க, குதிரைக்கும் போடுங்க"ன்னு கூப்பிடறான். படை உள்ள எறங்குது. அவன் பரண விட்டு கீழ எறங்குனதும் "அய்யய்யோ என் கொல்லைய அழிக்கறாங்களே"ன்னு வயித்துல அடிச்சுக்கறான். திரும்ப மேல ஏறுனா திரும்ப வள்ளல். ராஜாவுக்கு சந்தேகம் வந்து அந்த மேட்ட தோண்டுனா விக்ரமாதித்தன் சிம்மாசனம், படிக்கு ஒரு பதுமையா 32 பதுமை. போஜன் கால வெக்கற ஒவ்வொரு படியிலயும் ஒரு பதுமை உயிர் வந்து, விக்ரமாதித்தன் இப்படி ஒரு தானம் பண்ணாரு, நீ அந்த அளவுக்கு இருந்தா ஏறுன்னு மறிக்குது. நாங்க ஸ்டூல் மேல ஏறுனா வள்ளல், எறங்குனா கஞ்சன்னு விளையாடுனோம். சின்னவ மேல ஏறி கையில இருந்த முறுக்கு பாக்கெட்ட அப்படியே அண்ணன்கிட்ட நீட்டிட்டா, எறங்குன உடனே பிடுங்க வந்தா, அவன் அதுக்குள்ள ரெண்டு முறுக்க முழுங்கிட்டான். அன்னிக்கு ராத்திரி அழுகைய அமத்த அரை மணி நேரம் ஆச்சு, அதனால இந்த விளையாட்டுக்கு தீனிய கிட்ட வெக்காதீங்க.

இதெல்லாம் ஆன பிறகு கண்டிப்பா ஒரு நாள் வரும் அந்தக் கேள்வி: "மாமா, விக்ரமாதித்தன் நிஜமா இருந்தாரா?" இங்க பெரியவங்க ரெண்டு விதமா சொதப்புவாங்க. ஒரு குரூப்பு "கட்டுக்கதைடா"ன்னு ஒரே போடா போடும், இன்னொண்ணு வாட்ஸப்ல வந்தத வெச்சுக்கிட்டு அரேபியா வரைக்கும் ஆண்டாருன்னு அளக்கும். நான் என்ன பண்ணேன்னா, விக்ரமாதித்தன்ங்கறது ஒரு ஆளு பேரு மட்டும் இல்லடா, அதுவும் அந்த சிம்மாசனம் மாதிரிதான், யார் யாரோ ஏறி உக்காந்திருக்காங்கன்னு ஆரம்பிச்சேன். விக்ரமம்னா வீரம், ஆதித்யன்னா சூரியன், யாருக்குத்தான் வெச்சுக்க ஆசை இருக்காது?

குப்த ராஜா இரண்டாம் சந்திரகுப்தன், 4ஆம் நூற்றாண்டு கடைசியில இருந்து 5ஆம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் ஆண்டவரு, இந்தப் பட்டத்த வெச்சுக்கிட்டாரு. சிங்கத்த அடிக்கற மாதிரி தங்கக் காசு போட்டிருக்காரு, இணையத்துல படம் நிறைய கிடைக்கும், பசங்களுக்கு காட்டுங்க. மேற்க மாளவம் குஜராத் பக்கம் ஆண்ட சக சத்ரபர்கள, அதாவது வெளிய இருந்து வந்த சகர் இனத்து ராஜாக்கள, அவரு ஜெயிச்சாரு. கதையில வர்ற விக்ரமாதித்தனும் சகர்கள விரட்டுனவருதான், ஜைனர் கதையில காலகாச்சாரியார்னு ஒரு துறவி உஜ்ஜயினி ராஜாவ பழி வாங்க சகர்கள கூட்டிட்டு வர்றாரு, அப்புறம் அந்த சகர்கள விக்ரமாதித்தன் துரத்தி புது சகாப்தம், அதாவது புது ஆண்டுக்கணக்கு, தொடங்குறாரு. பொருந்துதுல்ல? ஆனா அந்த விக்ரம சகாப்தம் தொடங்கறது கி.மு. 57ல, சந்திரகுப்தனுக்கு நானூறு வருஷத்துக்கும் முன்னாடி. அதுலயும் ஒரு கூத்து, பழைய கல்வெட்டுல அந்த ஆண்டுக்கணக்குக்கு விக்ரமன் பேரே கிடையாது, முதல்ல கிருதன்னு போட்டாங்க, அப்புறம் மாளவர் கணக்குன்னு போட்டாங்க. மந்தசோர்ல ஒரு கல்வெட்டு மாளவ ஆண்டு 493னு சொல்லுது, அது கி.பி. 436. விக்ரமன் பேரு அதுல ஒட்டுனது பல நூறு வருஷம் கழிச்சு. நம்ம தெருவுக்கு ரோடு போட்டு முப்பது வருஷம் கழிச்சு ஒரு தலைவர் பேர வெச்சாங்கல்ல, அந்த மாதிரின்னேன், பெரியவனுக்கு புரிஞ்சிருச்சு.

நவரத்தினம் பத்தியும் கேப்பாங்க. காளிதாசர், வராகமிகிரர், அமரசிம்மர், தன்வந்திரி, வரருசின்னு ஒம்பது பேரு ஒரே சபையிலன்னு சொல்றது பிற்காலத்து ஜோதிட நூல் ஒண்ணுல வர்ற லிஸ்ட்டு. வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டு ஆளு, காளிதாசர் அவருக்கு முந்தி. வேற வேற காலத்து பிளேயர எல்லாம் பொறுக்கிப் போட்டு ஒரு ட்ரீம் லெவன், அதுக்கு கேப்டன் விக்ரமாதித்தன், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பேர்ல ஏறி உக்காந்தவங்க. காஞ்சிபுரம் போனீங்கன்னா கைலாசநாதர் கோயில்ல ஒரு தூண்ல கன்னடக் கல்வெட்டு இருக்கு, தமிழ்நாட்டு நடுவுல கன்னடம் என்னன்னா, 8ஆம் நூற்றாண்டுல சாளுக்கிய ராஜா இரண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சிய பிடிச்சப்போ அந்தக் கோயில் சொத்த பாத்து அசந்து போய் எதையும் எடுக்காம கோயிலுக்கே திருப்பிக் குடுத்தத எழுதி வெச்சது. பேருக்கு ஏத்த மாதிரி நடந்துக்கிட்டாருன்னு எனக்கு இவரு மேல ஒரு தனி மரியாதை. இன்னொரு சாளுக்கியர், ஆறாம் விக்ரமாதித்தன், 1076ல சக ஆண்டுக்கணக்க ஓரமா வெச்சுட்டு தன் பேர்லயே புது ஆண்டுக்கணக்கு ஓட்டுனாரு. 1556ல டில்லிய பிடிச்ச ஹேமு சில வாரம்தான் இருந்தாரு, அவரும் விக்ரமாதித்தன்னு பட்டம் கட்டிக்கிட்டாரு. 2013ல நம்ம நேவி ரஷ்யாகிட்ட வாங்குன விமானந்தாங்கிக் கப்பலுக்கும் அதே பேரு. கப்பல்னதும் பெரியவன் கண்ணு விரிஞ்சிருச்சு, ராஜா எல்லாம் மறந்து போச்சு, அன்னிக்கு கதை அதோட குளோஸ்.

விக்ரம சகாப்தத்து வருஷக் கணக்க பசங்களோட போட்டு பாருங்க, ரொம்ப ஈசி. சித்திரைக்கு அப்புறம்னா நம்ம இங்கிலீஷ் வருஷத்தோட 57 கூட்டணும், ஜனவரியில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும்னா 56. (குஜராத்துல தீபாவளிக்கு மறுநாள்தான் அவங்க புது வருஷம், அங்க கணக்கு கொஞ்சம் தள்ளும்.) நேபாளத்துல இதான் அரசாங்கக் காலண்டரே. எங்க தெரு முக்குல ஃபாஸ்ட் ஃபுட் கடையில ஒரு நேபாளித் தம்பி வேலை பாக்கறாப்ல, அவரு போன்ல தேதிய காட்டச் சொன்னேன், 2082. சின்னவ என் சட்டைய இழுத்து "மாமா, இவரு எதிர்காலத்துல இருந்து வந்திருக்காரா?"ன்னு காதுல கேட்டா. வீட்டுக்கு வந்து நம்ம பஞ்சாங்கத்த திறந்தா சாலிவாகன சகாப்தம்னு இருக்கும், கி.பி. 78ல தொடங்கறது. அந்த சாலிவாகனன் யாரு? கதைப்படி குயவர் வீட்டுல வளந்து, மண் பொம்மைப் படைக்கு உயிர் குடுத்து விக்ரமாதித்தன சாய்ச்ச பையன். அவன் ஊரு பைதான், முதல்ல சொன்னேனே, வேதாளக் கதை ராஜாவோட அதே ஊரு! ஜெயிச்சவன் பேரு நம்ம பஞ்சாங்கத்துல, தோத்தவரு பேரு நேபாளத்துக்காரர் போன்ல.

கடைசி ராத்திரிக்கு முறை சொல்ற கதைய வெச்சுக்கோங்க, பெரியவங்களையும் கூட்டிக்கோங்க. ஒரு அப்பனும் மகனும் காட்டுல ரெண்டு பொம்பளைங்க கால்தடத்த பாக்கறாங்க, ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. பெரிய காலுக்காரி அம்மாவாத்தான் இருப்பா, அவள அப்பன் கட்டிக்கறது, சின்னக் காலுக்காரிய மகன் கட்டிக்கறதுன்னு சத்தியம் பண்ணிக்கறாங்க. நேர்ல பாத்தா பெரிய கால் மகளுக்கு, சின்ன கால் அம்மாவுக்கு! சத்தியம் சத்தியம்தான், அப்பன் மகள கட்டுனான், மகன் அம்மாவ கட்டுனான். ரெண்டு ஜோடிக்கும் குழந்தை பொறந்தா அதுங்க ஒண்ணுக்கொண்ணு என்ன முறை? கல்யாண வீட்டுல யாருக்கு யாரு என்ன முறைன்னு நிமிஷத்துல பிரிச்சு மேயற எங்கம்மா விரல மடக்க ஆரம்பிச்சாங்க. "அவ இவளுக்கு மகளும் ஆச்சு, மாமியாரும் ஆச்சு... இரு இரு..." பத்து நிமிஷம் கழிச்சு "போடா போக்கத்தவனே, எனக்கு தெரியல"ன்னுட்டாங்க. பெரியவன் துள்ளி எழுந்தான். "தெரியலன்னா தப்பிக்கலாம்னு சொன்னல்ல மாமா!" ஆமா, ராஜாவும் பதில் தெரியாம வாய மூடிட்டு நடந்தாரு, வேதாளம் முதல் தடவையா தோள்லயே இருந்துச்சு.

மனசு எளகிப் போன வேதாளம் அப்போத்தான் உண்மைய சொல்லுது. அந்த சாமியார் உன்ன பலி குடுக்கப் போறான், சாஷ்டாங்கமா விழுந்து கும்பிடுன்னு சொல்லுவான், குனிஞ்சதும் வெட்டிடுவான், நீ என்ன சொல்லணும்னா, நான் ராஜா, எல்லாரும் என் கால்ல விழுந்துதான் பழக்கம், எப்படி விழறதுன்னு எனக்கு தெரியாது, நீங்க ஒரு தடவ விழுந்து காட்டுங்க. ராஜா அப்படியே சொன்னாரு, சாமியார் விழுந்து காட்டுனாரு, கத்தி மாறிருச்சு. இத சொல்றப்போ குரல நல்லா எறக்கி மெதுவா சொல்லுங்க, ரெண்டும் மூச்சு விடாம கேக்கும்.

எங்க பக்கம் ஊருக்கு ஒரு உச்சினிமாகாளி அம்மன் கோயில் உண்டு, அந்த உச்சினி உஜ்ஜயினிதான்னு அதுவரைக்கும் பசங்களுக்கு தெரியாது, மறுநாள் ஊருக்கு கிளம்பறதுக்கு முன்னாடி காட்டலாம்னு கூட்டிட்டுப் போனோம். எங்கம்மா திருநீற பூசி விட்டுட்டு பெரியவன்கிட்ட "ஆத்தாள விழுந்து கும்புடுடா"ன்னாங்க. அவன் கைய கட்டிக்கிட்டு நிமிந்து நின்னான். "எனக்கு எப்படின்னு தெரியாது ஆச்சி, நீ ஒரு தடவ விழுந்து காட்டு."

அம்மா அவன பாக்கல, திரும்பி என்னைத்தான் பாத்தாங்க.